ஐந்தாம் நாள் கருவில் என்ன தெரியும்?

சென்னையில் நான் போன அந்தக் கருத்தரிப்பு மையத்தில், மருத்துவர்களின் பட்டங்களைச் சொல்லும் பலகைக்கு முன்பாகவே இன்னொரு பலகை கண்ணில் பட்டுவிடுகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. கேட்பதும் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். ஸ்கேன் சென்டர் வாசல்களில் பார்த்துப் பழகிய வாசகம்தான். உள்ளே கருவின் மரபணுவையே பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்து வந்ததால், நின்று முழுவதும் வாசித்தேன்.

மையத்தின் பெயரையும் அங்கே சந்திப்பவர்களின் அடையாளத்தையும் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே உள்ளே விட்டார்கள். அது நியாயமான நிபந்தனை. குழந்தைக்காக இங்கே வருவதைச் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாமல், "ஆபீஸ் விஷயமா மெட்ராஸ் போறோம்" என்று கிளம்பி வருகிறவர்கள் பாதிப் பேர்.

காலை ஏழரை மணிக்கே கூடம் நிறைந்திருந்தது. கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனுக்கு வந்தவர்கள் பலர். ஊரிலிருந்து வந்தவர்களின் மடியில் சின்ன ஐஸ் டப்பா. ஹார்மோன் ஊசி குளிர்ச்சி போகாமல் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுக்கும்போது திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலின் நெய்ப் பிரசாதமும் கூடவே வெளியே வந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வைத்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புவதில் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பூவ எடுத்துப் பைல வச்சிருங்கம்மா, மேல லேபு இருக்கு" என்று சிஸ்டர் ஒரு மாமியாரிடம் சொன்னார். கொண்டை நிறைய மதுரை மல்லி. அந்த அம்மாவுக்கு மனமே இல்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பூவை எடுக்கச் சொல்கிறார்களே என்ற முகம். காரணம் மாடியில் போய்க் கேட்டதும் புரிந்தது. மணம் என்பது காற்றில் கலக்கும் வேதிப்பொருள். சென்ட், பவுடர், பெயின்ட் வாடை எதுவானாலும் இன்குபேட்டரில் இருக்கும் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். அதனால் ஆய்வகத்துக்குள் வேலை செய்பவர்கள் மணமுள்ள சோப்புகூடப் போடுவதில்லை. உள்ளே போகும் காற்று பல வடிகட்டிகளைத் தாண்டித்தான் போகிறது.

செருப்பைக் கழற்றி, உடை மாற்றி, தலைக்கும் வாய்க்கும் மூடி போட்டுக்கொண்டு, ஆய்வகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க அனுமதித்தார்கள். நுண்ணோக்கியில் தெரிவது திரையிலும் தெரியும். அன்று முதலில் இருந்தது கருமுட்டை எடுக்கும் சிகிச்சை. அந்தப் பெண்ணிடம் முன்பே ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் சிஸ்டர் கேட்ட கேள்வி: "முந்தாநாள் ராத்திரி எட்டே காலுக்குக் கரெக்டா ஊசி போட்டீங்கதானே?" மணி அப்போது காலை எட்டே கால். பத்து நாள்போலத் தினமும் ஊசி போட்டுச் சினைப்பையில் பல முட்டைகளை வளர்த்த பிறகு, அவை முதிர்வதற்காகப் போடுகிற கடைசி ஊசி அது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். பிந்தினால் முட்டைகள் தானாக வெளியேறிவிடும். முந்தினால் முதிராமல் கிடக்கும்.

சிகிச்சை இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி மெல்லிய ஊசியால் ஒவ்வொரு நீர்ப்பையாக உறிஞ்சுகிறார்கள். செம்மஞ்சள் நீர் சோதனைக் குழாயில் இறங்கியதும், சுவரில் இருக்கும் சிறு ஜன்னல் வழியாக அது ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே கருவியல் நிபுணரான எம்ப்ரியாலஜிஸ்ட் அதைத் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் தேடி, உரக்கச் சொல்கிறார்: "ஒண்ணு." கொஞ்ச நேரம் மௌனம். "ரெண்டு... மூணு." அடுத்த குழாய். "இதுல இல்ல டாக்டர்." பதினொன்று வரை வந்தது.

மயக்கம் தெளிந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "எத்தனை?" என்றுதான். பதினொன்று என்றதும் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியாம். மருத்துவர் என்னிடம் சொன்னார்: "இந்த எண்ணிக்கையைச் சொல்றது சுலபம். அஞ்சாம் நாள் போன் பண்றதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை." பதினொன்றில் ஒன்பது முதிர்ந்திருக்கலாம். அதில் ஏழு கருத்தரிக்கலாம். ஐந்தாம் நாளுக்கு வந்து சேர்வது மூன்றோ நான்கோ. உடம்புக்குள் இயல்பாகக் கருத்தரிக்கும்போதும் இந்த உதிர்வு நடந்துகொண்டேதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பப்போகிற கரு என்றால், பெரும்பாலும் இக்ஸி முறையில்தான் கருத்தரிக்க வைக்கிறார்கள். ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து முட்டைக்குள் செலுத்துவது. முட்டையைச் சுற்றி வேறு விந்தணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், பின்னால் எடுக்கும் மாதிரியில் அவற்றின் டிஎன்ஏவும் கலந்து முடிவு பிசகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

நான் எதைப் பார்க்க வந்தேனோ அது பதினொரு மணிக்குத் தொடங்கியது. வேறொரு தம்பதியின் ஐந்தாம் நாள் கரு. பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. திரையில் அது ஒரு வட்டம். உள்ளே நீர் நிறைந்த வெளி. ஒரு ஓரத்தில் நெருக்கமாக ஒரு செல்திரள். அந்தத் திரள்தான் பின்னால் குழந்தையாகும். வட்டத்தின் சுவரைப்போல ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியாகும். திரளைத் தொடவே மாட்டார்கள். சுவரிலிருந்துதான் ஐந்து முதல் பத்து செல்கள் வரை எடுப்பார்கள்.

இடப்பக்கக் கண்ணாடிக் குழல் கருவை மெதுவாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. எம்ப்ரியாலஜிஸ்ட் கருவைச் சுழற்றிச் சுழற்றி, செல்திரள் குழலின் பக்கம் வரும்படி நிறுத்தினார். அதற்கே சில நிமிடங்கள் ஆயின. வெளியுறையில் லேசரால் ஒரு துளை. வலப்பக்கக் குழல் அந்தத் துளைக்கு வந்து சில செல்களை உள்ளிழுத்தது. செல்கள் பிசின்போல நீண்டன. இழுபட்ட இடத்தில் லேசர் இரண்டு மூன்று தடவை மின்னியது. துண்டு கழன்றது. கரு சுருங்கிப்போயிற்று. என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அவரைப் பார்த்தேன். "சுருங்கத்தான் செய்யும் மேடம். உறைய வைக்கிறதுக்கு அதுவே நல்லது" என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

அடுத்து நடந்ததுதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. எடுத்த செல்களை நகக்கண் அளவுள்ள ஒரு குழாயில் இறக்க வேண்டும். செல்கள் கண்ணுக்குத் தெரியாது. குழாயில் விழுந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, கைப்பழக்கம்தான். அதைச் செய்வதற்கு முன் இன்னொரு ஊழியர் வந்து பக்கத்தில் நின்றார். தட்டில் எழுதியிருந்த பெயரை ஒருவர் வாசிக்க, குழாயில் எழுதியிருந்ததை மற்றவர் வாசித்தார். பெயர், கணவர் பெயர், பதிவு எண், கரு எண் 3. இரண்டும் ஒன்று என்று உறுதியானதும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கரு எண் 4-க்கும் அதே சடங்கு, 5-க்கும் அதே. ஒரு எழுத்துகூடக் குறைக்காமல், சலிப்பில்லாமல். முடிவு மாறிப்போனால் நோயுள்ள கருவை வைத்துவிட்டு நல்ல கருவைத் தூக்கி எறிய நேரும். பிறகு திருத்தவே முடியாது. ஒரு மையத்தின் தரத்தை எடைபோட எனக்கு வாய்ப்புக் கிடைத்தால், வரவேற்பறையின் சோபாவைப் பார்க்க மாட்டேன். இந்த வாசிப்பைத்தான் கேட்பேன்.

செல்கள் மரபணு ஆய்வகத்துக்குப் போகும். கருக்கள் எங்கும் போவதில்லை. நொடிப்பொழுதில் உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் கலன்களில் வைக்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கலன்களின் அறை சின்னது. ஒவ்வொரு கலனுக்கும் நைட்ரஜன் அளவு குறித்த பதிவேடு, குறைந்தால் கத்தும் அலாரம். சட்டப்படி அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வரை கருக்களை இப்படிப் பாதுகாக்கலாம்.

மதியம் ஆலோசகரின் அறைக்குப் போனேன். மரபணு ஆலோசனை என்பது தனிப் படிப்பு. இந்த அம்மா அதைப் படித்தவர். மேசையில் விரித்திருந்த தாளில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை படமாக இருந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்தில் நடந்த திருமணம் என்றால் இரட்டைக் கோடு. அந்தத் தாளில் இரட்டைக் கோடு இரண்டு இடத்தில் இருந்தது.

அந்தக் குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது. சேலம் பக்கத்துத் தம்பதி, கூடவே பெண்ணின் அம்மா. கணவர் அந்த அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். உடன்பிறந்த அக்காவேதான். அக்கா மகளைக் கட்டியிருக்கிறார். அவர் மனைவிக்கு அவர் சின்ன வயதிலிருந்தே "மாமா". இவர்களின் மூத்த பையனுக்கு ஆறு வயது. தலசீமியா மேஜர் என்ற பரம்பரை இரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பதால், அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. பையன் அன்று ஊரில் பாட்டனாரிடம் இருந்தான்.

தலசீமியாக் குறைபாட்டின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. கொஞ்சம் இரத்தசோகை என்று டானிக் குடித்திருப்பார்கள், அவ்வளவுதான். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தை இரண்டு பிரதிகளையும் வாங்கி நோயோடு பிறக்கும். நான்கில் இரண்டு வாய்ப்பு, பெற்றோரைப் போலவே சுமப்பவராக இருக்கும். இன்னொன்றில் எதுவுமே இருக்காது. அந்நியத்தில் மணந்தாலும் இது நேரலாம். ஆனால் தாய்மாமனின் பெற்றோரே அக்கா மகளுக்குத் தாத்தா பாட்டி என்பதால், ஒரே குறைபாடு இரண்டு பக்கமும் இருப்பதற்கான வாய்ப்புக் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். இந்தியா முழுக்க எடுத்தால் அது 11 சதவீதம்தான். சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊரே சேர்ந்து பணம் திரட்டிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். தசையைச் செயலிழக்க வைக்கும் அந்த எஸ்எம்ஏ நோயும் இதே நான்கில் ஒன்று கணக்கில் வருவதுதான்.

சேலத்துத் தம்பதிக்கு ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு தேவைப்பட்டது குழந்தை தரிக்காததால் இல்லை. இரண்டாவது கர்ப்பம் இயல்பாகவே தரித்தது. பதினொன்றாவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுத் திசுவைப் பரிசோதித்ததில், அதற்கும் நோய் இருப்பது தெரிந்து கலைக்க நேர்ந்தது. இன்னொரு தடவை அப்படி ஒன்றைத் தாங்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னார். கருவாக இருக்கும்போதே, கர்ப்பப்பைக்குள் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடும் இந்த வழியைச் சேலத்து மருத்துவர் ஒருவர்தான் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இந்தவகைப் பரிசோதனையைப் பிஜிடி-எம் என்கிறார்கள். தெரிந்த ஒரு நோயை, தெரிந்த ஒரு மரபணுக் குறைபாட்டைத் தேடுவது. கருவை உருவாக்குவதற்கு முன்பே கணவன், மனைவி, நோயுள்ள பிள்ளை மூவரின் இரத்தத்தையும் வாங்கி, அந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு சோதனையைத் தயார்செய்ய வேண்டும். அதற்கே பல வாரம் ஆகும். 1990-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடின் குழு முதன்முதலாகக் கருவைச் சோதித்துக் கர்ப்பத்துக்கு வழி செய்தபோது, இருந்த நோக்கமும் இதுதான்: பரம்பரை நோய் உள்ள குடும்பங்கள் கருக்கலைப்பு என்ற துயரத்தைத் தாண்ட வேண்டும். அதே 1990-ல்தான் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

ஆலோசகர் அறிக்கையை எடுத்தார். ஆறு கருக்கள். இரண்டுக்கு நோய் இருக்கிறது. மூன்று, சுமப்பவை. ஒன்றில் குறைபாடே இல்லை. ஆனால் குறைபாடில்லாத அந்த ஒன்றில் குரோமோசோம் எண்ணிக்கை தவறி இருந்தது. அது கர்ப்பமாக நிலைக்காது. அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப எதுவுமே நல்லா இல்லீங்களா?" என்றார் அக்கா.

"மூணு இருக்கேம்மா. அந்த மூணும் உங்க தம்பி மாதிரி, உங்க பொண்ணு மாதிரி."

அறிக்கையை எடுத்ததிலிருந்து அந்தப் பெண் பேசவில்லை. இப்போது கேட்டார்: "என்ன மாதிரின்னா எனக்கு ஒண்ணும் இல்லைங்களே மேடம். என்ன மாதிரி இருக்கிறத ஏன் வேண்டாம்னு சொல்லணும்?"

அன்று முழுவதும் நான் கேட்ட வாக்கியங்களில் மிகத் தெளிவானது அது. ஆலோசகர் அதைத்தான் எதிர்பார்த்தார்போல, முகம் மலர்ந்து தலையாட்டினார். சுமக்கும் கருவை வைக்கலாம். உலகம் முழுக்க வைக்கிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் பேசும்போது துணைவருக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். குறையே இல்லாத குழந்தை என்ற ஒன்றை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. வலியிலும் ஊசியிலும் வளரத் தேவையில்லாத ஒரு குழந்தையைக் கொடுக்க முயலலாம்.

கணவர் இன்னொன்றும் கேட்டார். தம்பியோ தங்கச்சியோ பிறந்தால் அதன் எலும்பு மஜ்ஜையைக் கொண்டு மூத்தவனைக் குணப்படுத்தலாமாமே? குஜராத்தில் அப்படித் திட்டமிட்டுப் பெற்ற தங்கையின் மஜ்ஜையால் அண்ணனின் தலசீமியா குணமானதைச் செய்தியில் பார்த்திருக்கிறார். ஆலோசகர் கணக்கைப் போட்டுக் காட்டினார். நோயில்லாமல் இருக்க நான்கில் மூன்று. திசு பொருந்த நான்கில் ஒன்று. இரண்டும் சேர்ந்து அமைய பதினாறில் மூன்று. இருக்கும் மூன்று கருவிலும் பொருந்தாமல் போகலாம். அப்புறம் அவர் சொன்னது: "பொருந்தலைன்னாலும் இந்தக் குழந்தை உங்களுக்கு வேணுமான்னு மட்டும் வீட்ல பேசிட்டு வாங்க." அவசரப்படுத்தவில்லை. கையெழுத்து வாங்கவில்லை. கருத்தரித்தாலும் பதினொன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், சில செல்களை வைத்துச் செய்யும் சோதனை அரிதாகத் தவறலாம் என்பதையும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஆலோசனைக்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்கும் இந்த அறைதான், என் பார்வையில், அந்தக் கட்டடத்தின் முதன்மையான இடம்.

அறிக்கையை எனக்கும் காட்டினார்கள், பெயரை மறைத்து. 22 ஜோடி குரோமோசோம்களுக்கும் முடிவு இருந்தது. 23-வது ஜோடியின் இடத்தில் பாலினம் தெரியும்படி எதுவும் இல்லை. ஆய்வகத்துக்குத் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ன் சட்டம் 2003-ல் திருத்தப்பட்டபோது கருத்தரிப்புக்கு முந்தைய தேர்வும் தடைக்குள் வந்தது. 2021-ன் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. பாலினத் தேர்வுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் முதல் இருபத்தைந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "கேக்கிறவங்க இருக்காங்களா?" என்றேன். "இருக்காங்க. ரெண்டு பொண்ணு இருக்கு, டாக்டர் மனசு வச்சா முடியுமேன்னு கேப்பாங்க" என்றார் ஆலோசகர். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த மாநிலம் இது. இந்த விஷயத்தில் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் வரவேற்பேன்.

அதே 2021 சட்டம், கருவின் மரபணுப் பரிசோதனையை ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்களைக் கண்டறிய மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் சர்க்கரை நோய், இதய நோய், ஏன் அறிவுத்திறன் வரைக்கும் கருவுக்கு மதிப்பெண் போட்டு விற்கின்றன. மரபணு மருத்துவர்களின் அமைப்புகளே அதை நம்பகமில்லாதது என்று எதிர்க்கின்றன. அந்த வியாபாரம் நம் ஊருக்கு வராமல் இருக்க வேண்டும்.

மாலையில் பார்த்தது வேறு வகை. ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், வயது முப்பதுகளின் கடைசி. பரம்பரை நோய் எதுவும் குடும்பத்தில் இல்லை. இரண்டு கருச்சிதைவு. இணையத்தில் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். "பிஜிடி-ஏ பண்ணிட்டா சக்சஸ் கேரண்டியா டாக்டர்?" என்று கேட்டார்.

பிஜிடி-ஏ என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. பெண்ணின் வயது ஏற ஏற முட்டையில் இந்த எண்ணிக்கைத் தவறு கூடுகிறது. நாற்பதைத் தாண்டினால் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் தவறு இருக்கும். அப்படிப்பட்ட கரு ஒட்டாது, ஒட்டினாலும் சிதையும். ஆகவே தவறில்லாததை மட்டும் வைத்தால் கர்ப்பம் எளிதில் நிற்கும் என்பது வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த சீன ஆய்வில், 20 முதல் 37 வயதுக்குட்பட்ட, நல்ல கருக்கள் உள்ள 1,212 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். பரிசோதனை செய்த பிரிவில் 77.2 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. செய்யாத பிரிவில் 81.8 சதவீதம். அதாவது, இளம் வயதினருக்கு இதனால் ஆதாயமில்லை. பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையமும், குழந்தை பிறக்கும் வாய்ப்பை இது கூட்டும் என்பதற்குச் சிவப்பு மதிப்பீடுதான் கொடுத்திருக்கிறது. கருச்சிதைவைக் குறைக்கும் என்பதற்கு மட்டும் பச்சை.

இன்னொரு சங்கடமும் உண்டு. எடுப்பது ஐந்தாறு செல். சில கருக்களில் சரியான செல்லும் தவறான செல்லும் கலந்திருக்கும், மொசைக் என்பார்கள். 2015-ல் இத்தாலிய மருத்துவர்கள் வேறு கரு எதுவும் இல்லாத 18 பெண்களுக்கு இப்படிப்பட்ட கருக்களை வைத்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. பழைய வழக்கப்படி குப்பைக்குப் போயிருக்க வேண்டிய கருக்கள் அவை. நாற்பதை நெருங்கி, ஒரே ஒரு கருவோடு நிற்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மருத்துவர் அந்தப் பெண்ணிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "கேரண்டின்னு யாராவது சொன்னா அங்க போகாதீங்க. உங்க வயசுக்கும் ரெண்டு அபார்ஷனுக்கும் இந்த டெஸ்ட் யோசிக்கலாம். இன்னொரு அபார்ஷன் வர்ற வாய்ப்பைக் குறைக்கும். இல்லாத நல்ல கருவை இது உண்டாக்காது. அஞ்சாறு கரு வந்தா டெஸ்ட் பண்ணலாம். ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னா நேரா வச்சுப் பாக்கலாமான்னு பேசுவோம்." சோதித்துச் சரி என்று வந்த கருவும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றுதான் ஒட்டுகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படிப் பேசுகிறார்களா என்றால், இல்லை என்பதே என் கணிப்பு. சென்னையின் நெடுஞ்சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகை இல்லாத இடம் குறைவு. ஒரு சுற்று ஐவிஎஃப்புக்கே ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகிறது. மரபணுப் பரிசோதனைக்குக் கருவுக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. நகையை அடகு வைத்து வருகிறவரிடம், தேவையோ தேவையில்லையோ, "அட்வான்ஸ்டு பேக்கேஜ்" என்று இதையும் சேர்த்து விற்பது அறமில்லை. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். பரம்பரை நோயுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனையும் இந்தக் கருப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தலசீமியாப் பிள்ளை ஒன்றுக்கு ஆயுள் முழுக்க இரத்தமும் மாத்திரையும் கொடுக்கிற அரசுக்கு, இது செலவிலும் குறைவுதான்.

கிளம்பும்போது ஆலோசகரிடம், வாசகர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இந்த மையத்துக்கே வரத் தேவையில்லாமல் செய்யும் ஒன்றைத்தான் அவர் சொன்னார். ஹெச்பிஎல்சி என்று ஒரு இரத்தப் பரிசோதனை. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய்வாக்கில் முடிந்துவிடும். ஒருவர் தலசீமியாக் குறைபாட்டைச் சுமக்கிறாரா என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். இருவரில் ஒருவருக்கு இல்லையென்றாலே குழந்தைக்கு அந்த நோய் வராது.

மாமன் மகனோ, அத்தை மகளோ, அக்கா மகளோ, சொந்தத்தில் வரன் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள் இது. சொந்தத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. தட்டு மாற்றுவதற்கு முன் இரண்டு பேருக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். குடும்பத்தில் சின்ன வயதிலேயே இறந்த பிள்ளை, இரத்தம் ஏற்றிய பிள்ளை, நடக்க முடியாமல் போன பிள்ளை யாராவது இருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே ஐவிஎஃப் சிகிச்சையில் இருப்பவர்கள், கருவைச் சோதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், எந்த நோய்க்காக, என் வயதில் இதனால் என்ன ஆதாயம், எல்லாக் கருவும் தவறு என்று வந்தால் அடுத்து என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் ஒதுக்காத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.